கல் வீட்டுச் சுவரில் சிமெண்ட் சுரண்டிய கதை

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றை ஒட்டிய அல்ஸ்டர் கவுன்ட்டியில் ஒரு பழைய கல் வீடு வாங்கினோம். முதல் வருடமே வடக்குச் சுவரில் ஈரம் ஏறி, உள்பூச்சு அப்பளம் மாதிரிப் பொரிந்துவிட்டது. வந்து பார்த்த கொத்தனார், கல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் சிமெண்ட் அடைத்தால் போதும் என்றார். யாரோ முன்பு அடைத்த சிமெண்ட்தான் வியாதியே. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. சிக்கிய தண்ணீர் குளிரில் உறைந்து விரிந்து கல்லின் முகத்தையே பெயர்க்கும்.

அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் காரை அடைக்கலாம் என்றால், வெளிச்சுவரைத் தொட ஊரின் பாரம்பரியக் குழு அனுமதி வேண்டும். படங்கள், விண்ணப்பம், காரைக் கலவையின் சாம்பிள் ஒன்று எல்லாம் கொடுத்தேன். "இது வீட்டின் எந்தப் பகுதிக்கு?" என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். ஒரு மாதம் போச்சு.

அப்புறம்தான் சுவரை ஒழுங்காகப் பார்த்தேன். முகப்பில் இரண்டு இடங்களில் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு கோடு, ஒரு காலத்தில் வீட்டின் மூலையாக இருந்த பெரிய கற்கள். இந்தப் பக்கத்து டச்சு, ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்) குடும்பங்கள் முதலில் ஒற்றை அறை கட்டி, பிள்ளைகுட்டியும் காசும் சேர்ந்ததும் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டுவார்கள். நியூ பால்ட்ஸில் 1721இல் தொடங்கிய ஆபிரகாம் ஹாஸ்புரூக் வீடு அப்படித்தான் வளர்ந்தது. நியூபர்கில் 1782-83இல் ஜார்ஜ் வாஷிங்டன் தங்கிய வீடும் 1750 வாக்கில் எழுந்து 1770இல் பெரிதானதுதான். எங்கள் வீடும் அப்படி மூன்று பகுதியாக எழுந்ததுதான். நடு அறையிலோ கற்களுக்கு நடுவே களிமண்ணும் வைக்கோலும்; சுண்ணாம்பு வெளிவிளிம்பில் மட்டும்.

மூன்று பகுதியிலும் பழைய காரையைக் கொஞ்சம் உடைத்தெடுத்து, மணலின் நிறமும் பருமனும் பார்த்து மூன்று கலவை செய்து கொடுத்தேன். அனுமதி வந்தது.

வேலை? அறுக்கும் கிரைண்டர் மிஷின் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும் என்பதால் சுத்தியலும் உளியும்தான். முதல் நாள் முழுக்கச் சுரண்டியது ஒரு ஜன்னல் அகலம்கூட இல்லை. கல்லை நனைத்து, காரையை அழுத்தி, வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, நாட்கணக்கில் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஊரில் தாத்தாவின் சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டு அடி வாங்கியவன், இங்கே அதே சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வரவழைக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் இரவுக் குளிர் 5 டிகிரிக்குக் கீழே போனதும் நிறுத்திவிட்டேன், உறைபனி பட்டால் புதுக் காரை உதிர்ந்துவிடும். வடக்குச் சுவர் முடிந்தது, ஆனால் இன்னும் முழுதாகக் காயவில்லை. தெற்குப் பகுதி மே மாதம். அதற்கான மணல் கொட்டகையில் தனி வாளியில் இருக்கிறது.