டெல்டா ரோட்டுக்கு ஒரு கார்பன் பிரேம்

கும்பகோணத்தைச் சுற்றி மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். காவிரி, அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாலம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அதைத் தாண்டி ஏற்றம் என்று ஒன்று கிடையாது. என் சைக்கிள் ஓடுவது இரண்டு பக்கமாக. ஒன்று, சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு, அப்படியே திருக்காட்டுப்பள்ளி, கல்லணை. இன்னொன்று, ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். ஆகவே கார்பன் இழையில் செய்த பிரேம் தனியாக வாங்கி, மற்ற பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு ரோடு பைக் கட்டுவது என்று முடிவெடுத்தபோது, எல்லோரும் முதலில் கேட்கிற பிரேம் எடையை நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

அதற்குக் கணக்கு இருக்கிறது. 800 கிராம் பிரேமுக்கும் 1,000 கிராம் பிரேமுக்கும் விலையில் பெரிய இடைவெளி. ஆனால் நானும் சைக்கிளும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் சேர்ந்தால் 85 கிலோவை ஒட்டி வரும். அதில் 200 கிராம் என்பது கால் சதவீதம்கூட இல்லை. சமதரையில் கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் நம் சக்தியில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. எடை குறைவின் பலன் மலை ஏறும்போது தெரியும். மயிலாடுதுறைக்குப் போகும்போது தெரியாது. பந்தய சைக்கிள்களுக்கு உலக சைக்கிள் சம்மேளனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச எடையே 6.8 கிலோ. பந்தயம் ஓடாத நான் அதற்குக் கீழே இறங்கத் துடிப்பதில் அர்த்தம் இல்லை.

எனக்கு முதல் கேள்வி டயர். தை, மாசியில் சம்பா அறுவடை நேரம் இந்தப் பக்கம் வந்து பாருங்கள். ரோட்டில் பாதி நெல் காயும், மீதியில் வைக்கோல். வயலில் இருந்து ஏறி வரும் டிராக்டர்கள், சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கேஜ் வீலைக் கழற்றாமல் தார் ரோட்டிலேயே ஓடுவதால் குறுக்கே வரிவரியாகத் தழும்பு விழுந்திருக்கும். அந்தத் தழும்பில் ஐந்து கிலோமீட்டர் போனால் மணிக்கட்டு மரத்துவிடும். ஊருக்கு ஊர் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை, வாய்க்கால் மதகுக்கு மதகு ஒரு பள்ளம். இவ்வளவையும் பார்த்தால் 25 மில்லிமீட்டர் டயர் மட்டும் போகிற பழைய ரிம் பிரேக் பிரேம்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு ஆகாது. குறைந்தது 32 மில்லி டயர் போக வேண்டும், டிஸ்க் பிரேக் வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டேன். இதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். அகலமான ரிம்மில் 32 மில்லி டயர் 33, 34 வரை உப்பும். பிரேமில் '32 வரை' என்று போட்டிருந்தால் அது அளந்த அகலமா, டயரில் அச்சடித்த அகலமா என்று கேட்க வேண்டும். டயருக்கு இரண்டு பக்கமும் 4 மில்லியாவது இடைவெளி இல்லாவிட்டால் நம் ஊர் களிமண் ஒட்டிக்கொண்டு உள்பக்கப் பெயின்டைத் தேய்த்தே கார்பனுக்குப் போய்விடும்.

அடுத்தது உடம்புக்குப் பொருந்துவது. எம், எல் என்று போட்டிருக்கும் சைஸை நான் நம்பவில்லை. ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எஸ். பார்க்க வேண்டிய எண்கள் இரண்டுதான்: ஸ்டாக், ரீச். பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் நடுப்புள்ளியில் இருந்து, பிரேமின் முன்பக்கக் குழாயான ஹெட் டியூபின் மேல்நுனி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். அதே புள்ளியில் இருந்து எவ்வளவு முன்னால் என்பது ரீச். நான் ஏற்கெனவே வைத்திருக்கும் அலுமினிய சைக்கிளில் நூறு கிலோமீட்டர் முதுகு வலிக்காமல் போக முடிகிறது. அதனால் அதைச் சுவரோரம் நிறுத்தி, தூக்குக்குண்டு கட்டி, இந்த இரண்டையும் அளந்தேன். சீட் உயரம், சீட் நுனியில் இருந்து ஹேண்டில்பார் வரை உள்ள தூரம், ஹேண்டில்பார் சீட்டைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதையும் எழுதிக்கொண்டேன். பிறகு எந்த பிரேமைப் பார்த்தாலும் அதன் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியில் இரண்டு பிரேம் நின்றன. ஒன்று பந்தய வடிவம்: ஸ்டாக் 540 மில்லி, ரீச் 387 மில்லி. இன்னொன்று நெடுந்தூர வடிவம்: ஸ்டாக் 570, ரீச் 378. முதலாவதன் படத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, அவ்வளவு அழகு. ஆனால் என் உயரத்துக்கு ஹேண்டில்பாரைக் கொண்டுவர அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குக் கீழே 40 மில்லிக்கு ஸ்பேசர் வளையங்கள் அடுக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் இருந்து மேலே வரும் கார்பன் ஸ்டீரர் குழாயில் அவ்வளவு அடுக்குவதைப் பல கம்பெனிகளே அனுமதிப்பதில்லை. இரண்டாவதில் 10 மில்லி போதும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணமான பிரெவேயில் 200 கிலோமீட்டர் என்றால் பதின்மூன்றரை மணி நேரக் கெடு. அதில் பெரும்பகுதி நேரம் சீட்டில்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். பூம்புகாரில் இருந்து மேற்கே திரும்பி அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வரும்போது குனிந்தே ஆக வேண்டும். அப்போது வசதியாகக் குனிய முடிகிற பிரேம்தான் உண்மையில் வேகமான பிரேம். நெடுந்தூர வடிவத்தையே எடுப்பது என்று தீர்ந்தது.

பாட்டம் பிராக்கெட்டைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். நீங்களும் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கார்பன் பிரேம்களில் பெரிய இரண்டு வகை உண்டு. பிரஸ்-ஃபிட் என்பது பேரிங் கப்பை மரை இல்லாமல் குழாய்க்குள் அமுக்கி உட்கார வைப்பது. பிபி86 என்ற வகையில் 86.5 மில்லி அகலக் குழாயில் 41 மில்லி துளை. துளை நூல் பிடித்தாற்போல் சரியாக இருந்தால் சத்தமே வராது. ஒரு மயிரிழை கூடினாலும், இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு பெடலுக்கும் கிறீச் என்று கத்தும். மரை வைத்த வகையில் பழைய பி.எஸ்.ஏ இருக்கிறது, 68 மில்லி அகலம். புதிதாக டி47 வந்திருக்கிறது. இவற்றைத் திருகி ஏற்றலாம், திருகி இறக்கலாம்.

எனக்கு வீல் பெண்டு எடுத்துத் தரும் மெக்கானிக் அண்ணனிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"தம்பி, இந்த அமுக்கி வைக்கிற கப்பு நமக்கு வேணாம். ஐப்பசி மழையில தண்ணி எறங்கிச்சுன்னா சத்தம் போடும். அத வெளிய எடுக்கிற டூலு நம்மகிட்ட இல்ல. நான் சுத்தியலால தட்டுனா உங்க கார்பன் தாங்குமா?"

"மரை இருந்தா பாத்துடுவீங்களாண்ணே?"

"மரை இருந்தா நீங்களே பாத்துடலாம். ஒரு ஸ்பேனர் போதும். செயின் பக்கம் மட்டும் எதிர்மரை, அத ஞாபகம் வச்சிக்குங்க."

அவர் சொன்னதில் இன்னொரு பொருளும் எனக்குப் பட்டது. ரிப்பேருக்குச் சென்னைக்குப் பார்சல் கட்ட வேண்டிய சைக்கிள், ஓட்ட வேண்டிய நாட்களில் வீட்டில் நிற்கும். ஆகவே மரை வைத்த வகையையே எடுத்தேன். அதே கண்ணோட்டத்தில் மற்றதையும் தேர்ந்தேன். சீட் போஸ்ட் 27.2 மில்லி உருண்டைக் குழாய், எங்கேயும் கிடைக்கும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கியர் மாற்றும் டிரெய்லியரை மாட்டும் கொக்கி யு.டி.ஹெச் வகை, 2019-ல் ஸ்ராம் கொண்டுவந்த பொது அளவு, ஒரு கம்பெனியையே நம்பி இருக்க வேண்டாம். ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டுக்குள் கேபிள்கள் நுழையும் வகையை விலக்கினேன். பார்க்கச் சுத்தமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மழைக்குப் பிறகு மேல் பேரிங் ஒன்றை மாற்றவே பிரேக் ஆயில் குழாயைக் கழற்றி, மறுபடி அதில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். நான் போடப் போவது ஷிமானோவின் 105 மெக்கானிக்கல் 12 ஸ்பீடு கியர். கியர் கம்பி அத்தனை வளைவு வளைந்தால் இழுவையும் கனமாகிவிடும். கீழ்க் குழாயான டவுன் டியூபில் துளை வழியாக உள்ளே போகும் பிரேமே போதும்.

இனி இழை விஷயம். டி700, டி800, டி1000 என்று விளம்பரங்களில் எண் ஏறிக்கொண்டே போகும். இவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் கார்பன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். டி700-ன் விறைப்பு 230 ஜிகாபாஸ்கல், டி800-க்கு 294. சரி, டி1000-க்கு? அதுவும் 294-தான். கூடுவது இழுவலிமை. ஆகவே 'டி1000, அதனால் இன்னும் விறைப்பு' என்று யாராவது சொன்னால் அந்தக் காரணம் நிற்காது. ஒரே அரிசியில் ஒரு வீட்டுச் சோறு உதிரியாகவும் இன்னொரு வீட்டுச் சோறு குழைந்தும் வருகிற மாதிரி, எந்தத் திசையில் எத்தனை அடுக்கு வைத்தார்கள், பிசினும் அழுத்தமும் எப்படி என்பதுதான் பிரேமை முடிவு செய்கிறது. அதை நாம் வெளியில் இருந்து பார்க்க முடியாது. அதனால் நான் இழையின் பெயரை விட்டுவிட்டு, சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 4210 சோதனை அறிக்கை இருக்கிறதா, அது இந்த மாடலுக்கும் இந்த ஃபோர்க்குக்கும் எடுத்ததா என்று கேட்டேன். கேட்ட சிலரிடம் இருந்து பதில் வரவில்லை. அவர்களை அங்கேயே கழித்துவிட்டேன்.

அலுமினிய மரைக் குழாயைக் கார்பனுக்குள் ஒட்டும்போது நடுவில் கண்ணாடி இழை அடுக்கு வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டு, இடையில் உப்புநீர் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். கடற்கரை ஓரம் ஓட்டுகிறவர்களுக்கும், என்னைப் போல வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்கும் இது பெரிய விஷயம். 'நம்ம ஊர் வெயிலில் கார்பன் இளகிவிடாதா' என்று வீட்டில் கேட்டார்கள். அச்சில் நூறு டிகிரிக்கு மேல் வேகவைத்து எடுத்த பிசின் வெறும் வெயிலுக்கு இளகாது. புற ஊதாக் கதிர் மட்டும் நாளடைவில் பிசினைக் கெடுக்கும், அதற்குத்தான் மேலே பூச்சு.

நடுவில் தஞ்சாவூரில் ஒருவர் தன் பழைய பிரேமைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல கார்பன் ஒரே மாதிரி டக் டக் என்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். பின்சக்கரம் வரை போகும் வலப்பக்கக் கீழ்க்குழாயான செயின்ஸ்டேயில் செயின் சிக்கி உழுத தடம் இருந்தது, அந்த இடத்தில் சத்தமும் மாறியது. அவரும் கவனித்திருக்கவில்லை. நானே அவருக்கு டார்ச் அடித்துக் காட்டினேன். நாணயத்தைத் தட்டிப் பார்ப்பது ஸ்கேனுக்கு ஈடாகாதுதான். ஆனால் சந்தேகம் வந்த கார்பன் பிரேமில் ஏறுவதற்கு விலைக்குறைவு ஒரு காரணமே இல்லை.

நான் விசாரித்த கடைகளில் முழு சைக்கிள்தான் விற்றார்கள், பிரேம் மட்டும் இல்லை. எனவே கார்பன் தொழிற்சாலைகள் நிறைந்த சீனாவின் ஷியாமென் நகரத் தயாரிப்பாளர் ஒருவரிடம் நேராக வரவழைத்தேன். இறக்குமதியில் சைக்கிள் பிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் சுங்கக் குறியீடு 871491. ரசீதில் அதை எழுதச் சொன்னேன், உண்மையான விலையையே போடச் சொன்னேன். கூரியர்காரர்கள் ஆதார், பான் கேட்டார்கள். சுங்க வரியும் ஜி.எஸ்.டி-யும் சரக்குக் கட்டணத்தையும் சேர்த்த மதிப்பின் மேல் வரும். பட்ஜெட் போடும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே கொக்கி இரண்டு, ஹெட்செட் பேரிங் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். தனியாக வரவழைத்தால் கூலி சரக்கைவிட அதிகம்.

பெட்டி வந்ததும் பாகம் எதையும் பூட்டவில்லை. சீட் டியூபுக்குள் டார்ச் விட்டு, சுருக்கம், பிசிறு இருக்கிறதா என்று பார்த்தேன். பாட்டம் பிராக்கெட் மரையில் கப்பை விரலாலேயே திருகிப் பார்த்தேன். தடையில்லாமல் கடைசிவரை போனது. பின்சக்கரத்தை மாட்டி இரண்டு பக்க இடைவெளியையும் காலிப்பரால் அளந்தேன். சக்கரத்தைத் திருப்பி மாட்டியும் ஒரு தடவை அளக்க வேண்டும். அப்போதும் இடைவெளி அதே பக்கம் குறைந்தால் குறை பிரேமில். பக்கம் மாறினால் சக்கரத்தில். என்னுடையதில் இரண்டு தடவையும் சரியாகவே இருந்தது. அந்த நிமிடம் பட்ட சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்டீரர் குழாயை அறுத்தது மெக்கானிக் அண்ணன் கடையில். நுண்பல் ரம்பம், மூக்கில் மாஸ்க், அறுக்கும் இடத்தில் தண்ணீர். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதல் அறுப்பில் வேண்டியதைவிட 15 மில்லி அதிகமாக விட்டு, சில வாரம் ஓட்டி, முதுகு சரி என்று சொன்ன பிறகுதான் மிச்சத்தை எடுத்தோம். சீட் போஸ்டுக்குக் கிரீஸ் வேண்டாம், மணல் மாதிரி நறநறக்கும் கார்பன் பேஸ்ட் தடவ வேண்டும். குறைந்த முறுக்கிலேயே வழுக்காமல் பிடிக்கும். ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் 5-தான், கைக்கணக்கு கூடாது. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கும் காசைப் பிரேமின் விலையில் ஒரு பகுதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 32 மில்லி டயரில் முன்னால் 55, பின்னால் 60 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறேன். கேஜ் வீல் தழும்பில் கை மரப்பதில்லை. கபிஸ்தலம் தாண்டி ஒரு இடத்தில் ரோடே வைக்கோலாகக் கிடந்தபோது மட்டும் இறங்கித் தள்ளினேன், வைக்கோல் பின்சக்கரப் பற்சக்கரங்களான கேசட்டில் சுற்றினால் கொக்கி ஒடியும். பிரேமில் மட்கார்ட் மாட்டும் துளைகள் இருக்கின்றன. ஐப்பசி பிறப்பதற்குள் அதற்குப் பொருத்தமான மட்கார்ட் ஒன்றைத் தேட வேண்டும்.