அணியில் நிற்காதவளின் பெயர்

தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் பாடத்திட்டத்தில் தலைமைப் பண்பும் ஆளுமை வளர்ச்சியும் உண்டு. நேர்மை, துணிவு, முன்முயற்சி, பொறுப்புணர்வு என்று வரிசையாக எழுதும் மாணவிக்கு மதிப்பெண் விழுந்துவிடும். முந்தின நாள் இரவு உருப்போட்டவளுக்கும் அதே மதிப்பெண்தான். ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்திக்கொண்டே அங்குள்ள என்.சி.சி. பிரிவுக்குப் பொறுப்பான ஏ.என்.ஓ.வாகவும் பல ஆண்டுகளாக இருந்துவரும் எனக்கு, குணநலனைக் கற்பிக்கக் கிடைத்த உருப்படியான பாடநூல் பரேடின் வருகைப் பதிவேடு ஒன்றுதான்.

எங்கள் மாணவிகளில் சிலருக்காவது பரங்கிமலையின் மேல் கண் இருக்கிறது. சீனப் போருக்கு மறு ஆண்டு, 1963இல் தொடங்கப்பட்ட அங்குள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பட்டப்படிப்போடு என்.சி.சி.யின் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு வைத்திருப்பவர்கள், மற்றவர்கள் எழுதும் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமலேயே, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சான்றிதழ்த் தேர்வில் உட்காரவே 75 சதவீத வருகை வேண்டும். ஆகவே பதிவேட்டில் போடப்படும் ஒரு டிக், எங்கள் பகுதிப் பெண்ணுக்குச் சாதாரணமான விஷயமல்ல.

ஒரு சனிக்கிழமை காலை பரேட் முடிந்து சமோசாவும் வாழைப்பழமும் கொடுத்தபோது, ஒரு பங்கு தட்டில் மிஞ்சியது. பட்டாலியனிலிருந்து வந்திருந்த ஹவில்தார் பதிவேட்டை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார். வராத மாணவியின் தாய் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும், கூடையைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற இன்னொரு கை வேண்டும். (61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்றால், அதில் பெரும்பகுதி கல்லூரி விடுமுறையோடு போய்விடுகிறது.) அவளுக்கு டிக் போட்டவள் கேடட்களுக்கெல்லாம் தலைவியான சீனியர் அண்டர் ஆபீசர், அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கேடட். கேட்டதும் மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். “அவ அம்மா தனியா என்ன பண்ணுவாங்க மேடம்? கூடப் படிக்கிற பொண்ண நானே காட்டிக் குடுக்கறதா?” என்றாள்.

இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தன்னைச் சேர்ந்தவரை எந்த நிலையிலும் விட்டுக் கொடுக்கக் கூடாது என்பது வட சென்னைத் தெருக்களில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தால்தான் அங்கே பல குடும்பங்கள் தலைநிமிர்ந்து வாழ்கின்றன. தன் கீழ் இருப்பவளின் வீட்டு நிலைமை தெரிந்து அதற்காகத் தன் பதவியையே பணயம் வைத்தவளிடம் தலைமைப் பண்பு இல்லை என்று எப்படிச் சொல்வது?

டெஹ்ராடூன் ராணுவ அகாடமியை 1932இல் தொடங்கிவைத்துப் பேசிய அன்றைய இந்திய ராணுவத் தலைமைத் தளபதி செட்வுட், நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில், அடுத்து உன் கீழுள்ள வீரர்களின் மானமும் நலனும் வசதியும், உன் சொந்த சுகம் எப்போதும் கடைசியில் என்று வரிசைப்படுத்தினார். அவள் இரண்டாவதை ஒழுங்காகத்தான் கற்றிருந்தாள். அணியில் எத்தனை பேர் என்று மேலே சொல்லும் எண்ணிக்கை, முதலாவதைச் சேர்ந்தது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. இரவு ரோந்துக்குப் போன பத்துப் பேரில் ஒன்பது பேர்தான் திரும்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழி வரக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஒருவர் பத்து என்று சொல்லிவிட்டால், விடுபட்டவரைத் தேடிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள்.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் அகாடமியின் நெறிமுறை, பொய் சொல்லவும் ஏமாற்றவும் திருடவும் கூடாது என்பதோடு, அப்படிச் செய்பவரைச் சகித்துக்கொள்ளவும் கூடாது என்கிறது. 1976இல் அறைக்கு எடுத்துப்போய் எழுதும் மின்பொறியியல் தேர்வு ஒன்றில் நடந்த முறைகேட்டில் 150க்கும் மேற்பட்ட கேடட்கள் வெளியேற நேர்ந்தது. பலர் பின்னர் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அதை ஆராய, விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையில் அமைந்த குழு, மாணவர்களை மட்டும் குற்றம் சொல்லாமல் நிறுவனத்தின் பொறுப்பையும் சுட்டிக்காட்டியது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குழு சொன்னதுதான். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம், தோழியைப் பற்றி எழுத்தில் புகார் கொடு என்பதை முதல் பாடமாக வைப்பது அதிகம். தோழியிடம் முதலில் பேசு, பிறகு இருவரும் சேர்ந்து வந்து உள்ளதைச் சொல்லுங்கள், கேட்பதற்கு நான் இருக்கிறேன் என்பதுதான் நான் வைத்த வழி.

அந்த டிக்கின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு நீக்கினோம். பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள். ரேங்க்கைப் பறிக்கவில்லை, பதிவேட்டை மட்டும் அந்தப் பருவம் முடியும்வரை வேறொருத்தியிடம் கொடுத்தேன். தோழிக்காகக் கோரிக்கைக் கடிதம் எழுதும் வேலையை அவளிடமே விட்டேன். பட்டாலியனில் பேசி, வாரநாள் மதியம் முதலாண்டு மாணவிகளுக்கு நடக்கும் ஆயுதப் பயிற்சி வகுப்பில் அந்தப் பெண் விடுபட்டதை ஈடுகட்ட அனுமதி வாங்கினோம். அடுத்த பருவத்தில் பதிவேடு மறுபடி அந்த சீனியரின் கைக்கு வந்து, அவள் உள்ளதை உள்ளபடி எழுதத் தொடங்கியபோது, அவளோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள் சிலர் வேறு மேஜைக்குப் போனார்கள். அந்த விலை எந்த வகுப்பிலும் சொல்லித்தரப்படுவதில்லை.

எஸ்.எஸ்.பி.க்குப் போகிறவர்களிடம் பயிற்சி நிலையங்கள் தரும் வீரதீர விடைகளை மனப்பாடம் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். அங்கே மனத்தை உளவியலாளரும், வாக்கை நேர்காணல் அதிகாரியும், செயலைக் குழுப் பணிகளை நடத்தும் அதிகாரியும் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாள் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிடுகிறார்கள். 30 நிமிடத்தில் 60 சூழல்களுக்கு விடை எழுதும்போது எவ்வளவு நேரம்தான் ஒருவர் வேறொருவராக இருக்க முடியும்?

இப்போது பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அடுத்து வந்த சீனியர் வாயாடி. கேடட் தாமதமாக வந்தால் நாங்கள் எழுதுகிறோம், பயிற்றுநர்கள் தாமதமாக வந்தால் யார் எழுதுவது என்று நேராகவே கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பதிவேட்டின் தலைப்பில் ஏ.என்.ஓ.வும் பயிற்றுநர்களும் வந்த நேரத்துக்கு ஒரு வரி சேர்த்தோம். சுபேதார் சாப் முதலில் முகம் சுளித்தார். இப்போது கையெழுத்தோடு நேரத்தையும் அவரே எழுதிவிடுகிறார்.