கொட்டாவி வந்தால் கவனியுங்கள்

பஸ்ஸில் வாந்தி திடீரென்று வருவதில்லை. உடம்பு முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, நாம் கடைசி நிமிஷத்தில்தான் பாலித்தீன் பையைத் தேடுகிறோம்.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு ரயிலில் ஜம்மென்று வருவாள், அதே பிள்ளைக்குத் திருவையாற்றிலிருந்து கபிஸ்தலம் வழியாகப் போகும் காவிரிக்கரை ரோடு ஆகவே ஆகாது. ஆறு வளைகிற பக்கமெல்லாம் ரோடும் வளையும், எதிரே வண்டி வந்தால் டிரைவர் ஓரங்கட்டுவார், பிரேக் போடுவார், மறுபடி வேகமெடுப்பார். கூடவே போய்ப் போய் அவளுக்கு என்ன வரிசையில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் பேச்சு நிற்கும். வாயாடிப் பெண் அவள், சும்மா இருந்தாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அப்புறம் கொட்டாவி, ஒன்றன்பின் ஒன்றாக. பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்து மடியில் சாய்த்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம், ஆனால் அந்த அசதியே குமட்டலின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அடுத்து வாயில் எச்சில் ஊறும், அதை விழுங்க விழுங்கத் தொண்டை ஏறி இறங்குவது தெரியும். உதடு வெளிறும். "சித்தி, ஊர் எப்ப வரும்?" என்று கேட்டால் நேரம் ரொம்ப இல்லை.

வியர்வையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் நெரிசலான டவுன் பஸ்ஸில் யாருக்குத்தான் வியர்க்காது? அதனால் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். வெயிலில் வியர்த்தால் தோல் சூடாக இருக்கும், குமட்டலில் வியர்த்தால் முகத்து ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் நெற்றி ஈரமாகவும் சில்லென்றும் இருக்கும். மேலுதட்டிலும் பொடிப்பொடியாகத் துளிர்க்கும்.

உள்காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ முன் சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்து எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. உள்காதின் சமநிலை உறுப்பு இரண்டு பக்கமும் வேலை செய்யாதவர்களுக்கு இந்தக் குமட்டல் வருவதில்லை. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கும் அரிது, அதற்குப் பிறகு கூடிப் பத்து வயதை ஒட்டி உச்சத்துக்குப் போகும்.

வயிற்றுக்குள் நடப்பதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். இரைப்பைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 3 முறை என்று மெதுவான ஒரு மின்துடிப்பு உண்டு. வயிற்றின் மேல்தோலில் மின்முனை ஒட்டிப் பார்த்ததில், குமட்டும்போது அது 4 முதல் 9 வரை தாறுமாறாக ஏறுகிறது. அந்த நேரத்தில் இரைப்பை உள்ளே இருப்பதைக் கீழே தள்ளுவதும் குறைந்துவிடும். குமட்ட ஆரம்பித்த பிறகு அவோமின் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரையைக் கொடுத்துப் பெரிதாகப் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான், மாத்திரை குடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேராது. பஸ் ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது போட வேண்டும். பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேளுங்கள், இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது.

தோலின் ஈரம், இதயத் துடிப்பு, மூச்சு இவற்றைக் கருவியால் அளந்து குமட்டலை முன்கூட்டியே கணிக்க ஆய்வுக்கூடங்களில் முயன்றுகொண்டிருக்கிறார்கள். நாசாவில் பாட்ரிசியா கோவிங்ஸ் என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். விண்வெளி வீரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் சில நாட்கள் குமட்டல் வரும். தங்கள் இதயத் துடிப்பையும் தோல் அளவுகளையும் திரையில் பார்த்தபடியே அவற்றைத் தாங்களே கட்டுப்படுத்த அவர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், மொத்தம் 6 மணி நேரம். மருந்தே இல்லாமல்! நம் ஊர் பஸ்ஸுக்கு அப்படிக் கருவி வரும்வரை நம் கண்ணும் கையும் போதும்.

முதல் கொட்டாவியிலேயே நான் செல்போனை வாங்கி வைத்துவிடுவேன். தலையைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து, எதிரே ரோட்டைப் பார்க்கச் சொல்லி, கூடவே நானும் மெதுவாக எண்ணி எண்ணி மூச்சு விடுவேன், அவளும் விடுவாள். இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் இருக்கும். இஞ்சி அந்த இரைப்பைத் துடிப்பைக் கொஞ்சம் அடக்குவதாக ஆய்விலும் தெரிந்திருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும்விட உட்காரும் இடம்தான் முக்கியம். நாம் ஜன்னலோரம் கிடைத்தால் போதும் என்கிறோம். காற்று நல்லதுதான், ஆனால் ஜன்னலுக்குப் பக்கத்தில் வாழைத்தோப்பு சர்ரென்று ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தால் பெரிதாக உதவாது. இங்கிலாந்தில் 3,000-க்கும் மேற்பட்ட பஸ் பயணிகளிடம் கேட்டு 1999-இல் வெளியான ஆய்வில், முன்னால் ரோடு தெரியாமல் உட்கார்ந்தவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அடுத்து எந்தப் பக்கம் வளையப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்தால் உடம்பு தயாராகிவிடுகிறது, டிரைவருக்குக் குமட்டுவது அபூர்வம் என்பதும் அதனால்தான்.

பஸ் நிறைந்திருந்தால் கூச்சப்படாமல் கண்டக்டரிடம் சொல்லி முன்னால் இடம் கேளுங்கள், நான் கேட்டபோதெல்லாம் யாராவது எழுந்து கொடுத்திருக்கிறார்கள். முன் சீட்டில் நீங்களே இருந்து, பின்னால் ஒரு பிள்ளை விடாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அது கேட்கும்வரை காத்திருக்காமல் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.