மாடித் தொட்டியில் செங்காந்தள்

இந்த ஆடியில் எங்கள் மொட்டை மாடியில் நான்காவது முறையாகச் செங்காந்தள் நட்டேன். முதல் முறை நட்டது அடியோடு வீணாயிற்று. மண்ணும் தண்ணீரும் அதற்குக் காரணமல்ல, கிழங்கை நான் கையாண்ட விதமே காரணம். திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் விதைக்காகக் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், பயிரிடும் உறவினர் ஒருவர் இரண்டு கிழங்குகளைத் துணிப்பையில் போட்டுத் தந்தார். பேருந்து நெரிசலில் அவற்றின் நுனிகள் ஒடிந்துபோயின. உருளைக்கிழங்கைப் போல வேறு எங்கிருந்தாவது முளைவிடும் என்று நம்பி அப்படியே நட்டு, இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிவந்தேன். பிறகு தோண்டிப் பார்த்தால் கிழங்கின் உடல் இன்னும் திடமாக இருந்தது. முளை மட்டும் இல்லை.

செங்காந்தளை வீட்டில் பெருக்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கிழங்கு கலப்பையைப் போல இரு கிளைகளாக வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஒவ்வொரு கிளையின் கோடியிலும் ஒரே ஒரு முளைக்கண் இருக்கும். அது வெளிறிய சிறு கூம்பாக, விரல் நகம் பட்டாலே நசுங்கும் அளவுக்கு மென்மையாக இருக்கும். அது போனால் அந்தக் கிளையிலிருந்து கொடி வராது. ஆகவே இப்போதெல்லாம் கிழங்கை எங்கே கொண்டுபோனாலும் ஒரு டப்பாவில் உலர்ந்த மணலைப் பரப்பி, அதற்குள் படுக்கவைத்துத்தான் கொண்டுபோகிறேன்.

இரண்டு கிளைகளும் நன்கு பருத்திருந்தால் அவை சேரும் கணுவில் பிரித்து இரண்டு செடிகளாக்கலாம். வெட்டிய வாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்ட பின்பே நடுகிறேன். செம்மண், ஆற்று மணல், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து, ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில் நிரப்பி, கிழங்கைப் படுக்கைவசமாக வைத்து, மேலே இரண்டு அங்குலம் மண் மூடினால் போதும். கொடி ஏறுவதற்கான குச்சியையும் அப்போதே ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் மண்ணுக்குள் கிழங்கு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அதன் மீதே குத்திவிட நேரும். தண்ணீர் தேங்கும் தொட்டியில் கிழங்கு அழுகிவிடும் என்பதால், மழைக்காலத்தில் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

முளை வெளிவந்த பிறகு இந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு, மெல்லச் சுருண்டு, அருகில் கிடைக்கும் ஈர்க்குச்சியையோ நூலையோ பற்றிக்கொள்ளும். தோட்டங்களில் கிளுவை வேலியில் ஏற்றிவிடுவார்கள். மாடியில் நான் தென்னை ஈர்க்குகளைக் கட்டிவைத்திருக்கிறேன். பருத்த மூங்கிலை அந்த நுனியால் சுற்றிக்கொள்ள முடிவதில்லை.

ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகை வரை பூக்கிறது. விரியும்போது இதழ்கள் பசுமஞ்சளாக இருந்து, பின்புறம் மடங்கி நிமிர்ந்து, நாளாக ஆக நுனியிலிருந்து சிவப்பேறி, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இந்த நிறங்கள் எல்லாவற்றையும் ஒரே வேளையில் காணலாம். பூவின் பெண்பாகமான சூல்தண்டு மட்டும் நடுவிலிருந்து பக்கவாட்டில் வளைந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். தன் மகரந்தம் தன் மீதே படாதிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. அதனால்தான் விதைக்காகப் பயிரிடுவோர் காலை வேளையில் ஒவ்வொரு பூவாக, கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் முளைக்கவே மாதக்கணக்காகும். பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். வீட்டுக்குக் கிழங்கே ஏற்றது. அதையும் பயிரிடுவோரிடம் கேட்டு வாங்குங்கள். காட்டிலும் வேலியோரத்திலும் தானாக முளைத்துக் கிடப்பதைத் தோண்டி வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. கிழங்கைப் பெயர்த்துவிட்டால் அந்த இடத்தில் மறுவருடம் பூ இராது. தமிழ்நாட்டின் மாநில மலருக்கு நாம் அதைச் செய்யலாகாது.

மாசி பங்குனியில் கொடி மஞ்சளாகி முழுவதும் காய்ந்துபோகும். செத்துவிட்டதென்று தொட்டியைக் கவிழ்க்க வேண்டாம். பழைய கிழங்கு சுருங்கி மறைந்து, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகி உறங்கிக்கொண்டிருக்கும். அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு, மழை படாத இடத்தில் தொட்டியை ஒதுக்கிவைத்தால், ஆடியில் எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

செடி முழுவதும் நஞ்சு என்பதை மறக்கவே கூடாது. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் என்ற நச்சுப்பொருள், கீல்வாதத்தின் ஒரு வகைக்கு மருந்தாக மிக நுண்ணிய அளவில் பயன்படுகிறது. கிழங்கைத் தெரியாமல் தின்றால் உயிருக்கே ஆபத்து. கையுறை இல்லாமல் நான் தொடுவதில்லை. சமையலறைக்குள் ஒரு நாளும் கொண்டுபோவதில்லை. இந்த ஆண்டு பிரித்ததில் கூடுதலாக இரண்டு கிடைத்தன. பக்கத்து வீட்டு அக்கா ஆசையோடு ஒன்று கேட்டார். அவருடைய பேரனுக்கு இப்போதுதான் ஒன்றரை வயது. எதை எடுத்தாலும் வாயில் வைக்கும் பருவம். அவன் வளரட்டும், அதுவரை உங்கள் கிழங்கு எங்கள் தொட்டியிலேயே இருக்கட்டும் அக்கா என்று சொல்லி, அந்தத் தொட்டியில் அவர் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.