நாக்கு வழியே இறங்கும் சூடு: கோடை நாட்குறிப்பு

ஏப்ரல் 3

வெயில் ஏறத் தொடங்கும் முதல் சில வாரங்களில் நாயைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உடம்பு இன்னும் சூட்டுக்குப் பழகியிருக்காது, நாமும் பழைய வாக்கிங் நேரத்தையே பிடித்துக்கொண்டிருப்போம். இன்றிலிருந்து காலை நடை வெயில் வருமுன், மாலை நடை தரை ஆறிய பின். ஆறிவிட்டதா என்று அறிய, புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ண வேண்டும். அதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் நாயின் பாதமும் தாங்காது. பொழுது சாய்ந்தாலும் தார் வெகுநேரம் சுடும். மண்ணும் புல்லும் சீக்கிரம் ஆறிவிடும். நடந்து வந்த நாய் நொண்டினாலோ, ஒரே பாதத்தை ஓயாமல் நக்கினாலோ புரட்டிப் பாருங்கள். வெந்த பாதத்தோல் சிவந்தோ கறுத்தோ ஓரத்தில் உரிந்திருக்கும்.

ஏப்ரல் 9

நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும், அதுவும் பேருக்குத்தான். மற்ற சூடெல்லாம் பெரும்பாலும் இரைப்பில் இறங்க வேண்டும். நாக்கிலும் மூக்குக்குள்ளும் உள்ள ஈரம் ஆவியாகும்போது அங்கே ஓடும் ரத்தம் குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்த புழுக்க நாளில் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. அதனால் வெயில் இல்லாத மப்பு நாளை நம்பி ஓடவிடக் கூடாது.

மின்விசிறி நமக்குக் குளிர்வது நம் தோலில் வியர்வை இருப்பதால். காய்ந்த ரோமத்தின் மேல் அடிக்கும் காற்று நாய்க்குப் பெரிதாக உதவாது. வயிறு, தொடையிடுக்கு, பாதம் இவற்றை நனைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். அவை இரைக்கப் படும் பாடே உடம்புச் சூட்டைக் கூட்டும். பருத்த நாய், வயதான நாய், இதய நோயுள்ள நாய்க்கும் இதே கவனம் வேண்டும். வாயை இறுக்கும் துணி வாய்ப்பூட்டு கோடையில் ஆபத்து. போட்டே தீர வேண்டுமென்றால், உள்ளே வாயைத் திறந்து இரைக்க இடமுள்ள கூடை வகைதான்.

ஏப்ரல் 17

ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. தண்ணீர் என்பது சாதாரணக் கணக்கு. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் வரும். வெயிலில் இன்னும் கூடும், உலர் தீவனம் மட்டும் தின்னும் நாய்க்கும் கூடும். கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். வழுவழுவென்று பாசி மாதிரி ஒட்டினால், தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். கவிழாத கனமான கிண்ணமாக, இரண்டு இடத்தில் வையுங்கள். ஈறு ஈரமாக வழுக்காமல் பிசுபிசுத்தால் நீர்ச்சத்து குறைகிறது என்று பொருள்.

ஏப்ரல் 25

நிழல் நகரும். காலையில் நிழலில் கட்டிய நாய் மதியம் நடு வெயிலில் நிற்கும். தகரக் கூரைக் கூடு பகலில் அடுப்புதான்.

அடர்ந்த உள்ரோமமுள்ள இனங்களை மொட்டையடிக்க வேண்டாம். தோல் நேரே வெயிலில் காயும், ரோமம் மறுபடி ஒழுங்காக வளராமலும் போகலாம். உதிர்ந்த உள்ரோமத்தைச் சீவி எடுத்தாலே காற்று புகும்.

மே 2

நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலேயே, வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணியில் 40ஐத் தொடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றமில்லை.

மே 6

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தெர்மாமீட்டர் கையில் இல்லாவிட்டாலும் நாக்கு சொல்லும்: நுனி அகன்று கரண்டி மாதிரி விரியும், நிறம் செங்கல் சிவப்பாகும், எச்சில் கயிறாய்த் தொங்கும். அடுத்து தள்ளாட்டம், வாந்தி, ரத்தம் கலந்த பேதி, வலிப்பு. இரைப்பு நிற்காமல் நடை தடுமாறியதுமே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் குளிரவைப்பது, பிறகுதான் வண்டி. நிழலுக்குக் கொண்டுபோய், கழுத்துக்குக் கீழே குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். ரோமத்தை விலக்கித் தோல் வரை நனைய வேண்டும். கூடவே விசிறி அல்லது காற்று. ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிட்டால் அது சூடாகிப் போர்வையாகிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போகும். இது வெளிச் சூட்டால் உடம்பு கொதிப்பது, காய்ச்சல் அல்ல என்பதால் காய்ச்சல் மாத்திரை வேலை செய்யாது. பாராசிட்டமால் நாய்க்குக் கெடுதலும்கூட.

ஆசனவாயில் வைத்துச் சில நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பம் பாருங்கள். 39.5க்கு வந்ததும் நீரை நிறுத்துங்கள், இல்லையென்றால் இயல்புக்கும் கீழே இறங்கிவிடும். மருத்துவமனைக்கு முன்னதாகவே போன் செய்துவிட்டு, காரில் ஏசி போட்டுக் கிளம்புங்கள்.

மே 7

நேற்றைய பதிவோடு சேர வேண்டியது. எழுந்து வாலாட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பும் ரத்தம் உறையாத கோளாறும் ஓரிரு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும். மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கட்டும். அதுவரை சிறுநீரின் நிறமும் அளவும், ஈறில் செம்புள்ளிகள் வருகிறதா என்பதும் கவனிக்க வேண்டியவை.