சிமெண்ட் வாளியும் ஒரு வாடகை அறையும்

விரல் இடுக்குகளில் சிமெண்ட் அரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்று நான் சொல்வது மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில், சியெர்ரா நோர்த்தே மலையில் இருக்கும், சப்போதெக் என்ற பூர்வகுடி மக்களின் கிராமம் ஒன்றை. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. இஸ்த்லான் என்ற சிறு நகரத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும், அவ்வளவு சொன்னால் போதும்.

மெக்சிகோ சிட்டிக்கு வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பர் அந்த ஊர்க்காரர். ஒரு நவம்பரில், இறந்தவர்களுக்குப் படையல் போடும் நாளுக்கு, "வீட்டுக்கு வா இன்ஹே" என்று கூப்பிட்டார். இன்ஜினியர்களை இங்கே அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்கள். இரவுப் பேருந்தில் வஹாகா நகரம், அங்கிருந்து தார்ப்பாய்க் கூரை போட்ட பிக்கப் வண்டி. பைன் காடு, மூடுபனி, எலும்பு வரை போகும் குளிர். போய் இறங்கியதும் நண்பரின் அம்மா மண்பானையில் பட்டையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய காப்பியை நீட்டி, "குடி, மிஹோ" என்றார். மிஹோ என்றால் மகனே. எங்கள் அப்பத்தா போடும் கருப்பட்டிக் காப்பி நினைவுக்கு வந்து, எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அடுத்த முறை போகும்போது சும்மா போக மனசில்லை. இரண்டு பெரிய பை நிறைய நோட்டு, கலர் பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ். நண்பரின் அம்மா பையைத் திறந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. அமைதியாக, "இதையெல்லாம் யாரைக் கேட்டு வாங்கினாய்?" என்றார். அப்புறம், "ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்கிறது. அங்கே வந்து சொல்" என்றார்.

கூட்டம் நடந்தது கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில். அந்த மலையில் கூடைப்பந்து மைதானம் இல்லாத ஊரே நான் பார்த்ததில்லை. வஹாகாவில் 570 நகராட்சிகள். அவற்றில் 400-க்கும் மேற்பட்டவை கட்சி, சின்னம் எதுவும் இல்லாமல் தங்கள் பழைய முறைப்படி கூட்டத்திலேயே ஆட்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பொறுப்புக்குச் சம்பளம் கிடையாது. தோபில் என்ற காவல் வேலையில் தொடங்கி, வருடக்கணக்கில் ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஊர்த்தலைமைக்கு வர முடியும். அன்று எழுந்து பேசியவர் அப்படி எல்லாப் படியும் ஏறி முடித்த ஒரு பெரியவர். நோட்டுக்கு நன்றி சொன்னார். பிறகு சொன்னது: "பாடப்புத்தகம் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. நோட்டு இல்லாமல் எங்கள் பிள்ளைகள் படிப்பை நிறுத்தவில்லை. ஒன்பதாவதோடு இங்கே பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது. அதுதான் எங்கள் கஷ்டம்."

அவர் சொன்னது அன்றைக்கு எனக்குப் பாதிதான் விளங்கியது. ஊரில் ஆறாவது வரை ஆரம்பப்பள்ளி. அதற்கு மேல் மூன்று வருடம் டெலிசெகுந்தாரியா. ஆசிரியர் கிடைக்காத கிராமங்களுக்காக 1968-இல் மெக்சிகோ தொடங்கிய ஏற்பாடு இது: பாடம் தொலைக்காட்சியில் வரும், வகுப்புக்கு ஒரே ஆசிரியர், கணக்கு முதல் வரலாறு வரை எல்லாப் பாடத்தையும் அவரே நடத்துவார். அதை முடித்தபின் மேல்நிலைப்படிப்பு மூன்று வருடம். 2012 முதல் அதுவும் கட்டாயக் கல்விதான். சட்டம் மலை ஏறி வந்துவிட்டது, பள்ளிக்கூடம் வரவில்லை. பிள்ளை இஸ்த்லானுக்குப் போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். வாடகை, வண்டிக் கூலி, சாப்பாடு. மக்காச்சோளமும் பீன்ஸும் விதைத்துத் தின்னும் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. மாதா மாதம் ரொக்கம் மட்டும் இருக்காது.

வஹாகா நகரத்திலிருந்து ஊருக்குப் போகிற வழியில்தான் கெலதாவோ வருகிறது. பெனிதோ ஹுவாரெஸ் 1806-இல் பிறந்த ஊர். பிற்பாடு மெக்சிகோவின் ஜனாதிபதியான அந்த மனிதர், தாய் தகப்பனை இழந்த பையனாக, ஸ்பானிஷ் சரியாகத் தெரியாமல், 12 வயதில் இந்த மலையிலிருந்து வஹாகா நகரத்துக்கு நடந்தே போனார். அங்கே ஒரு வீட்டில் அவருடைய அக்கா சமையல் வேலை பார்த்தார். தங்க ஒரு இடம் இருந்ததால்தான் அந்தப் பையன் படித்தான். இருநூறு வருடம் கழித்தும் இந்த மலையில் படிப்பு என்றால் முதல் கேள்வி அதேதான்: எங்கே தங்குவது?

சரி, நாங்கள் வாடகையைப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். முதலில் நானும் நண்பரும் மட்டும். இப்போது அலுவலகத்தில் 11 பேர், ஆளுக்கு மாதம் 300 பெசோ. ஆனால் நிபந்தனை எல்லாம் ஊர்க்கூட்டம் போட்டது. யார் காசு எந்தப் பிள்ளைக்குப் போகிறது என்று கொடுப்பவருக்குத் தெரியக் கூடாது. பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்கு என்று மூன்று அம்மாக்கள் கொண்ட குழுதான் முடிவு செய்யும். படிக்கும் பிள்ளை விடுமுறையில் வந்து சின்னவர்களுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டும். வாங்கியதைத் திருப்பிச் செய்வதற்கு இந்த மலையில் கோசோனா என்று பெயர். உன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் உழைத்தால் என் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வந்து உழைக்க வேண்டும். மொய் நோட்டுப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கை மைதானத்தில் உரக்க வாசிப்பார்கள். ஒரு முறை, "நகல் எடுத்தது, 12 பெசோ" என்று வாசித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, எத்தனை பக்கம் என்று கேட்டார். எண்ணிச் சொன்ன பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார்கள்.

முதல் வருடம் போன பெண் இப்போது இஸ்த்லானிலேயே இருக்கும் சியெர்ரா ஹுவாரெஸ் பல்கலைக்கழகத்தில் வனவியல் படிக்கிறாள். 2005-இல் வந்த பல்கலைக்கழகம் அது. வனவியலை ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவே இல்லை. அந்தப் பக்கத்துக் காடுகளை 25 வருடம் ஒரு காகித ஆலை குத்தகைக்கு வைத்திருந்தது. 1980-களின் தொடக்கத்தில் கிராமங்கள் ஒன்று சேர்ந்து போராடிக் காட்டை மீட்டன. இன்று பல ஊர்களில் மரம் அறுத்து வரும் வருமானம்தான் சாலையும் தண்ணீரும் பள்ளிச் சுவரும் ஆகிறது. அந்தக் காட்டுக்குக் கணக்குத் தெரிந்த ஆள் ஊருக்கு வேண்டும்.

அப்புறம் புத்தகம். நான் ஸ்பானிஷில் சிறுவர் கதைப்புத்தகங்கள் சேர்த்துக் கொண்டுபோனேன். பிள்ளைகள் பிய்த்துக்கொண்டு படித்தார்கள். ஒரு பாட்டி மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "எங்கள் பேச்சில் ஒன்றுகூட இல்லையே" என்றார். அவர் சின்ன வயதில் வகுப்பில் சப்போதெக் பேசியதற்காகக் குச்சியால் அடி வாங்கியவர். அதனாலேயே தன் பிள்ளைகளோடு ஸ்பானிஷ் மட்டுமே பேசி வளர்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. சப்போதெக் என்பது ஒரே பேச்சு இல்லை. 2008-இல் வெளியான அரசுப் பட்டியலே அதில் 62 வகை காட்டுகிறது. இரண்டு மலை தாண்டினால் சொல் மாறிவிடும். ஆகவே ஊரிலேயே ஒரு புத்தகம் செய்யத் தொடங்கினோம். பிள்ளைகள் கைபேசியில் தாத்தா பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்து, சோள வகைகளின் பெயர், காளான் பெயர், காற்றின் பெயர் என்று எழுதினார்கள். மூடுபனிக்கு எது சரியான சொல் என்று இரண்டு பாட்டிகள் அரை மணி நேரம் வாதாடினார்கள். எழுதிக்கொண்டிருந்த பையன் ரப்பரால் அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. கடைசியில் இரண்டு சொல்லையும் எழுதினான். இந்தப் புத்தகத்துக்கு ஆன செலவு ஸ்பைரல் பைண்டிங் மட்டும்தான். நாங்கள் செய்ததிலேயே எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

அந்தப் புத்தகங்களை வைக்கத்தான் அறை கட்டுகிறார்கள். போன சனிக்கிழமை கூரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். இதற்குத் தெக்கியோ என்று பெயர், ஊருக்காகக் கூலியில்லாமல் உழைப்பது. வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் பாத்திரம் கழுவும் மகன்கூடத் தன் பங்குக்குக் காசு அனுப்பி ஆள் போட்டுவிடுகிறான். காலை ஆறு மணிக்குக் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. தரையிலிருந்து ஏணி வழியாகக் கூரை வரை வரிசையாக நின்றோம். வாளி கை மாறி மேலே போகும், காலி வாளி கீழே பறந்து வரும். கான்கிரீட் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும், யாரும் நிற்க முடியாது. பத்து மணிக்கு என் தோள் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அறுபது வயதுக்காரர், திரும்பிக்கூடப் பார்க்காமல், எனக்கு மட்டும் முக்கால் வாளியாகத் தள்ளிவிடத் தொடங்கினார். பெண்கள் பெரிய அண்டாவில் மஞ்சள் மோலே குழம்பில் கோழி சமைத்திருந்தார்கள். சூடான சோள ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளர் பட்டியலை எடுத்து வாசித்தார். பெயர் வந்ததும் ஒவ்வொருவரும் "பிரெசென்தே!" என்று குரல் கொடுத்தார்கள். கடைசி வரியில் தடுமாறி நிறுத்தி, எழுத்துக் கூட்டி, என் பெயரை வாசித்தார். ழகரம் லகரமாகிவிட்டது. பிரெசென்தே என்றேன். குரல் உடைந்துவிட்டது.

மறுநாள் விடிகாலை அதே பிக்கப்பில் திரும்பினேன். பள்ளி தொடங்க ஒரு வாரம் இருந்தது. இந்த வருடம் இஸ்த்லானுக்குப் போகும் பெண் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு போர்வை மூட்டை, காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் தட்டு, டம்ளர், செருப்பு. வண்டி கிளம்பும்போது அவளுடைய அம்மா ஓடி வந்து, துணியில் சுற்றிய ரொட்டிக் கட்டைத் தார்ப்பாய்க்குக் கீழே கைவிட்டுத் திணித்தார். இன்னும் சூடு ஆறவில்லை. அந்தப் பெண் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் வளைவு வரைக்கும் பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் கட்டைப் பிரித்து, எனக்கு ஒன்று எடுத்து நீட்டினாள்.