கருப்பட்டிக் கடைக்கு ஒரு மெயில் பட்டியல்: திசையன்விளைக் குறிப்புகள்

ஜூன் 2, 2025

சித்தப்பா கடையின் ஆர்டர் நோட்டை இன்று மத்தியானம் வரை புரட்டினேன். சென்னை, பெங்களூரு, மும்பை, துபாய், மஸ்கட். பெரும்பாலும் திசையன்விளை, ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். இல்லையென்றால் அவர்கள் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள். புதுக் கருப்பட்டி வந்ததும் இத்தனை பேருக்கும் தகவல் போக வேண்டும்.

இதுவரை எல்லாம் வாட்ஸ்அப்தான். அதில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலுக்கு 256 பேர்தான் கணக்கு. அதிலும் நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். வளைகுடாவில் இருப்பவர்கள் ஊர் திரும்பினால் நம்பர் மாறிவிடுகிறது, மெயில் முகவரி மாறுவதில்லை. அதனால் மெயில் அனுப்ப ஒழுங்கான ஏற்பாடு செய்யப் போகிறேன் என்று சொன்னேன்.

“கடுதாசி போடுத மாதிரிதான? போடு பிள்ளே” என்றார் சித்தப்பா. அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். கடுதாசியாகத்தான் இருக்க வேண்டும், நோட்டீஸாக இருக்கக் கூடாது.

ஜூன் 4

அதற்குள் கடைக்கு ஒருவர் வந்துவிட்டார். ஒரு லட்சம் மெயில் முகவரி கையில் இருக்கிறதாம், சொற்பத் தொகைக்குத் தருகிறாராம். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் உட்கார்ந்து காரணம் சொன்னேன்.

கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்குக் கெடுபிடியைக் கூட்டியிருக்கின்றன. மெயில் வாங்கியவர்களில் ‘இது ஸ்பேம்’, அதாவது வேண்டாத குப்பை மெயில், என்று அழுத்துகிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது கூகுள். எங்கள் பட்டியல் முந்நூறு பேர் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒருவர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே 0.33 ஆகிவிடும். பெரிய கம்பெனிக்கு ஆயிரம் பேர் கோபித்துக்கொண்டாலும் தாங்கும், சின்னக் கடைக்கு ஒருவர் கோபமே அதிகம். முன்பின் தெரியாத ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஆசையாகக் கேட்டு வாங்குகிறவரின் பெட்டிக்கும் நம் மெயில் போகாது, ஸ்பேமில்தான் விழும்.

“கேக்காதவனுக்கு எழுதுனா கேட்டவனுக்கும் போய்ச் சேராது, அப்படித்தான?” என்றார். அதேதான்.

ஆனால் அடுத்த கேள்வி அவரிடம் தயாராக இருந்தது. “நம்மகிட்ட வாங்குனவன் மெயிலு பில்லுல இருக்குலா, அதை எடுத்துப் போட்டுக்கலாம்லா?” பில் அனுப்பத்தான் அந்த முகவரியைக் கொடுத்தார்கள். நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் சொல்கிறது: எதற்காக வாங்குகிறோம் என்று விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், சம்மதம் கொடுக்க எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறவும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அதுதான் முறையாகப் படுகிறது.

ஜூன் 6

பார்சலுக்குள் வைக்க ஒரு சின்ன அட்டை அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. “புதுக் கருப்பட்டி வரும்போது உங்களுக்குச் சொல்லலாமா? வருஷத்துக்கு நாலைந்து கடிதம்தான் வரும்” என்று இரண்டு வரி, கீழே கியூஆர் கட்டம். ஸ்கேன் செய்தால் பெயர், மெயில் இரண்டு மட்டும் கேட்கும். பிறந்த நாள், வேலை, வருமானம் எதுவும் கேட்கவில்லை. கருப்பட்டி விற்க அது எதற்கு?

முகவரியைக் கொடுத்ததும் உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் போகும். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால்தான் பட்டியலில் பெயர் ஏறும். இந்த இரண்டாவது படியால் சிலர் விட்டுப்போவார்கள். பரவாயில்லை. எழுத்துப்பிழையான முகவரியும், அடுத்தவர் பெயரில் யாரோ கொடுத்த முகவரியும் இதிலேயே கழிந்துவிடும்.

ஜூன் 7

அனுப்புவதற்கு எந்தச் சேவை? மெயில்சிம்ப், பிரெவோ, ஜோஹோ கேம்பைன்ஸ் மூன்றையும் பார்த்தேன். எங்களுக்குத் தேவையான வேலையை மூன்றுமே செய்யும். ஜோஹோவை எடுத்தேன், ரூபாயில் பில் வரும், கணக்குக்குச் சுலபம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அவர்களுக்கு அலுவலகம் இருப்பது சித்தப்பாவுக்குக் கூடுதல் திருப்தி. “நம்ம பக்கத்து ஆளுக” என்றார்.

ஜூன் 9

இன்றைய வேலைதான் கடினமானது. இதைச் சரியாகச் செய்யாமல் மெயில் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடைக்கு இத்தனை நாள் ஜிமெயில் முகவரிதான். இப்படிப்பட்ட சேவை வழியாக மொத்தமாக அனுப்பும்போது அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியைப் போடக் கூடாது. ஜிமெயில் பெயரில் வேறு சர்வர் (மெயில் அனுப்பும் கணினி) அனுப்பினால் அதைக் கள்ளக் கடிதமாகத்தான் பார்ப்பார்கள். கடைக்கென்று டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், ஏற்கெனவே இருந்ததால் அதிலேயே ஒரு முகவரி போட்டேன்.

அப்புறம் டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கத்தை, அந்தப் பெயருக்கான பொதுப் பதிவேட்டை, திறந்து மூன்று வரி சேர்க்க வேண்டும். முதலாவது எஸ்பிஎஃப்: இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்கிற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். கடையின் மெயில் பெட்டிக்காக ஒன்று ஏற்கெனவே இருந்தது. புதிதாக இன்னொன்று போட்டால் இரண்டுமே செல்லாமல் போகும். அதனால் பழைய வரிக்குள்ளேயே ஜோஹோவையும் சேர்த்தேன். அந்த வரியைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் பத்துத் தேடலுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பும் உண்டு. நாலைந்து சேவைகளை வரிசையாகச் சேர்க்கிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

இரண்டாவது டிகிம். இது பழைய காலத்து அரக்கு முத்திரை மாதிரி. அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் தன் ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை நாம் டிஎன்எஸ்ஸில் வைக்கிறோம். நடுவழியில் யாராவது கடிதத்தில் கை வைத்தால் கையெழுத்து ஒத்துப்போகாது.

மூன்றாவது டிமார்க். மேலே சொன்ன இரண்டும் ஒத்துப்போகாத மெயில் நம் பெயரில் வந்தால் என்ன செய்வது என்று பெறுகிறவருக்குச் சொல்லும் வரி. முதலில் ‘ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு’ என்று வைத்திருக்கிறேன். அறிக்கைகளைப் பார்த்துவிட்டு இறுக்கலாம்.

சாயங்காலம் என் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, ‘ஒரிஜினலைக் காட்டு’ என்பதைத் திறந்து பார்த்தேன். மூன்றுக்கும் நேராக ‘பாஸ்’. பெரிய நிம்மதி.

ஜூன் 14

முதல் கடிதத்துக்கு விஷயம் வேண்டுமே. விடியும் முன்னே சித்தப்பாவோடு இட்டமொழிப் பக்கம் தேரிக்கு, அந்தச் செம்மணல் காட்டுக்குப் போனேன், நமக்குக் கருப்பட்டி தருகிற பெரியம்மையின் விடிலிக்கு, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்கு.

பனையேறி இறக்கிய பதநீர் வந்தது. கலயத்தின் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு. அது இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். வடிகட்டித் தாச்சியில் ஊற்றினார்கள். அடுப்புக்குப் பனையோலையும் மட்டையும். கொதி ஏறி நுரை விளிம்புக்கு வந்தபோது பெரியம்மை நசுக்கிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டாள். நுரை அப்படியே அமர்ந்தது. வெகுநேரம் கழித்து நிறம் கருத்துக் குமிழி கனத்தது. அகப்பையில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். உருண்டது. “இறக்கு” என்றாள். தண்ணீரில் ஊறிக்கிடந்த சிரட்டைகளை வரிசையாகப் பரப்பிப் பாகை ஊற்றினார்கள்.

சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. அதனோடு விலையில் போட்டி போட நம்மால் முடியாது. ஆனால் இந்தத் தாச்சியை, இந்த விரலை வாங்குகிறவர்களுக்குக் காட்ட முடியும். மெயில் ஏற்பாடே அதற்குத்தான் என்று இன்று எனக்குத் தெளிவானது. பெரியம்மையிடம் கேட்டுத்தான் படம் எடுத்தேன். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்றாள்.

ஜூன் 16

கடிதம் எழுதினேன். தமிழில்தான். தலைப்பு வரி போனில் பாதிக்கு மேல் தெரியாது, தமிழெழுத்து அகலம் வேறு. அதனால் முக்கியமானது முதல் இரண்டு வார்த்தைக்குள் வந்துவிட வேண்டும். ‘புதுக் கருப்பட்டி வந்தாச்சு’ என்று வைத்தேன். அதற்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிகிற வரிக்கு ‘இட்டமொழித் தேரியில் சனிக்கிழமை காய்ச்சியது’.

‘உடன்குடிக் கருப்பட்டி’ என்று போட்டால்தான் ஆட்களுக்குத் தெரியும் என்றார் சித்தப்பா. “எல்லாவனும் அப்படித்தாம் போடுதாம்.” அது புவிசார் குறியீடு பெற்ற பெயர், நம் சரக்கு காய்ச்சுவது உடன்குடியில் இல்லை. எங்கே காய்ச்சுகிறோமோ அந்த ஊர்ப் பெயரைத்தான் போட வேண்டும் என்று உறுதியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, நம்ம தேரிக்கும் பேரு வரட்டும்” என்றார்.

நோட்டீஸ் மாதிரி முழுக் கடிதத்தையும் ஒரே படமாகச் செய்து அனுப்புகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. படம் இறங்கவில்லையென்றால் வெற்றுக் கட்டம்தான் தெரியும், கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் செயலிக்கும் ஒன்றும் கிடைக்காது. நான் எழுத்தாகவே எழுதினேன். நடுவில் ஒரே படம், பெரியம்மையின் கை. விலை, எடை, பார்சல் செலவு, எப்போது கிளம்பும், அவ்வளவுதான். அடியில் கடை முகவரியும், ‘இனி வேண்டாம்’ என்று ஒரே தொடலில் விலகும் இணைப்பும். அதைப் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கவில்லை. விலக வழி தெரியாதவர்தான் ஸ்பேம் பொத்தானைத் தேடுவார்.

‘பதில் அனுப்ப வேண்டாம்’ என்கிற முகவரியும் கிடையாது. பதில் போட்டால் சித்தப்பாவின் போனுக்கே வரும்.

ஜூன் 19

காலையில் போனது. எத்தனை பேர் திறந்தார்கள் என்கிற எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு. 2021ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த ஏற்பாட்டுக்குப் பிறகு, ஆள் திறக்காவிட்டாலும் படங்களை அதுவே முன்கூட்டி இறக்கிக்கொள்கிறது. திறந்ததாகக் கணக்கு ஏறிவிடும். பார்க்க வேண்டியது ஆர்டரும் பதிலும்தான்.

பதில்கள் வந்தன. மஸ்கட்டிலிருந்து ஒருவர், தாச்சியில் ஆமணக்கு போடுவதைப் படித்ததும் தன் ஆச்சி நினைவு வந்ததாக எழுதி இரண்டு கிலோ கேட்டிருந்தார். பெங்களூருவிலிருந்து ஒரு அக்கா, மகள் வயதுக்கு வந்திருக்கிறாள், உளுந்தங்களிக்கு எது நல்லது, சாதாக் கருப்பட்டியா புட்டுக் கருப்பட்டியா என்று கேட்டிருந்தார். புட்டுக் கருப்பட்டியில் சுக்கு சேர்ந்திருக்கும், களிக்குச் சாதாவே போதும் என்று சித்தப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவரே பதில் அடித்தார். நான் வாங்கி அடிக்கவில்லை. கடைக்காரர் கையால் போவதுதான் மரியாதை.

ஒருவர் விலகிக்கொண்டார். “நாம என்னடி தப்பாச் சொன்னோம்?” என்று சித்தப்பாவுக்கு வருத்தம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் நமக்கு நல்லதே செய்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். பாதி சமாதானம் ஆனார்.

ஜூலை 12

வாராவாரம் தள்ளுபடி மெயில் போடச் சொல்லி யாரோ கடையில் யோசனை சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் நாலைந்து கடிதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், அது நம் வாக்கு. வருஷத்தையே பிரித்து எழுதி வைத்தேன். சித்திரையில் புது வரவு. ஆடியில் பருவம் முடிகிற கடைசிக் காய்ச்சல். ஐப்பசி மழையில் கருப்பட்டி ஏன் இளகுகிறது, எப்படி வைத்துக்கொள்வது. இதில் விற்பனையே கிடையாது. கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. பொங்கலுக்குப் பனங்கிழங்கு.

டிமார்க் அறிக்கைகளையும் பார்த்தேன். நம் பெயரில் போனவை எல்லாம் ஜோஹோ வழியாகவும் கடை மெயில் வழியாகவும் போனவைதான், இரண்டும் தேறியிருக்கின்றன. ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்பதை ‘ஸ்பேமில் தள்ளு’ என்று மாற்றிவிட்டேன். இனி எவரும் கடைப் பெயரில் போலி பில் அனுப்பினாலும் அது வாடிக்கையாளர் கண்ணில் சுலபமாகப் படாது.

ஐப்பசிக் கடிதத்துக்கு இப்போதே பொருள் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி கருப்பட்டியை வைப்பார்கள், ஈரம் ஏறாது. கேஸ் அடுப்பு வந்த பிறகும் பரண் இருக்கிற வீடு ஒன்றைப் பெரியம்மை சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்துக்கொண்டு, பரண் இல்லாத பெங்களூரு வீட்டில் எந்த டப்பாவில் வைத்தால் நிற்கும் என்று அவளிடமே கேட்டு எழுதி வர வேண்டும்.